திரையில் இருந்த பெயர்

பெங்களூர்
8.11.1994

முனிலட்சுமி அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். செல்லிக்கு நடந்ததைக் கேட்ட பிறகு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. அவள் உங்கள் தம்பி பெண்டாட்டி என்பதற்காக மட்டும் இல்லை. கம்பெனியில் நான் இருந்த இரண்டு வருஷமும் தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தவள் அவள். இடது கையில் மூன்று விரல் போய்விட்டது என்று கௌஸ் மாமு சொன்னார். ஜூஜுவாடியில் அவர் பஞ்சர் கடைக்கு வந்த லாரிக்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரியும். நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

எழுதாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. விசாரணையில், தகடு அடிக்கும் பிரஸ்ஸில் ஓடிய புரோகிராம் அதியா எழுதியது, ஏற்றும்போது திரையில் அவள் பெயர்தான் வந்தது என்று சொன்னீர்களாம்.

அக்கா, ஜூன் மாதம் வேலையை விட்டு வந்த பிறகு நான் உங்களுக்கு எந்தப் பிளாப்பியும் அனுப்பவில்லை. அக்டோபரில் சத்தியமாக அனுப்பவில்லை.

நான் எழுதியது என்ன என்று, அதைப் பிரஸ்ஸில் ஏற்றுகிற உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு கையும் இரண்டு பட்டன் மேல் இருக்க வேண்டும். அடுத்த அடிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். ஒரு பட்டனில் எதையாவது செருகி வைத்தால் பிரஸ் நின்றுவிடும். கை வெளியே இருந்தால்தான் இரும்பு கீழே வரும். அந்தப் புரோகிராம் ஓடியிருந்தால் செல்லியின் கை உள்ளே இருந்திருக்கவே முடியாது.

பெயரை நம்பாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன். திரையில் வரும் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்காகத்தானே, நான் போன பிறகு ஏதாவது மாற்ற வேண்டி வந்தால் பிளாப்பியை பஸ்ஸிலும், அதன் எண்ணை அஞ்சலட்டையிலும் தனித்தனியாக அனுப்புவோம் என்று வைத்தோம்? புரோகிராமின் எழுத்தையெல்லாம் கூட்டினால் நிற்கும் நான்கு இலக்கம். ஓர் எழுத்து மாறினாலும் அது மாறும். அட்டையில் வந்த எண்ணும் கம்ப்யூட்டர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்ற வேண்டும்.

அக்டோபரில் அட்டை வந்ததா? வராமலே ஏற்றினீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அதியா


மத்திகிரி
13.11.1994

அதியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கோபப்பட உனக்கு பெங்களூரில் ஒரு நாற்காலி இருக்கிறது. எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான். அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

செல்லி நேற்றுதான் பேசினாள். "அக்கா, வலி கூடத் தெரியல. அந்தக் கை என்னுதா இல்லியான்னுதான் தெரியல" என்றாள். என் தம்பி ஆஞ்சப்பன் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றவன் ஒரு மணி நேரம் உள்ளே வரவில்லை. நீ கேள்வி கேட்கிறாய், அட்டை வந்ததா என்று.

வரவில்லை. போதுமா?

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிய முடியவில்லை. ஆயுத பூஜையன்று காலையில் புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணாதுரை சார் அந்தப் பிளாப்பியைக் கொண்டுவந்தார். "அதியா அத்திபள்ளி பஸ்ஸுல குடுத்தனுப்புச்சும்மா, புதுசு" என்றார். ஸ்பேனர், அளவு ஸ்கேல், தகட்டை வெட்டும் டை எல்லாவற்றோடும் அதையும் சாமி முன்னால் வைத்தோம். சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தோம். மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். தபால் ஆபீஸ் இரண்டு நாளும் லீவு. அட்டை எங்கே வரும்?

"நல்ல நேரம் போயிக்கினு இருக்குது, ஏத்தும்மா. எண்ணு கிண்ணு எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் சார். சாமி முன்னால் வைத்து எடுத்த பொருளை நிறுத்தி வைத்து, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. செல்லி உட்காரும் பிரஸ்ஸில் ஏற்றினேன். உன் பெயர் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். சனிக்கிழமை அட்டையை எதிர்பார்த்தேன். திங்கட்கிழமை மறந்துவிட்டேன்.

ஒரு வாரத்திலேயே அதில் ஷிப்ட் மாறி உட்காரும் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், இடது பட்டனில் எதையாவது செருகினாலும் பிரஸ் நிற்கவில்லை என்று. உடைந்த சீப்பு, தீக்குச்சி, அட்டைத் துண்டு. ஒரு கையில் அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் தகட்டைத் தள்ளினால் ஷிப்டுக்கு முந்நூறு பீஸ் அதிகம். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். நானும்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அதியா கொஞ்சம் இளக்கி எழுதியிருக்கிறாள் போல என்று நினைத்தேன்.

நீ எழுதவில்லை என்கிறாய். நான் பார்த்தது உன் பெயர். பார்த்ததைத்தானே சொல்ல முடியும்?

முனிலட்சுமி


பெங்களூர்
17.11.1994

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை பயம் வந்தது. நான் அந்தக் காவலை இளக்கி எழுதுவேன் என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறதே, அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

நேற்று கம்பெனியிலிருந்து இரண்டு பேர் என் ஆபீசுக்கு வந்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியாது. அவர் பேசவே இல்லை, என் மேஜை மேல் இருந்தவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்டோபர் புரோகிராம் என்னுடையது என்று ஒரு காகிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் புரோகிராமில் பதின்மூன்றாம் தேதி போட்டிருக்கிறதாம். "ஆயுத பூஜை அன்னைக்கு எங்க ஆளுங்க யாரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டாங்கம்மா. அன்னைக்கு வேலை செய்யறவங்க யாருன்னு நீங்களே யோசிங்க" என்றார் பேசிய ஆள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. கம்ப்யூட்டரில் தேதி என்பது காலையில் நாம் தட்டுவதுதான், எந்தத் தேதியை வேண்டுமானாலும் தட்டலாம் என்று சொன்னேன். கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வரோம்" என்று போனார்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஜூன் மாதம் நான் கடைசியாகத் தந்த புரோகிராமின் எண் 7316. அந்த அட்டையை நீங்கள் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருப்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது, நான் அதில் வைத்துவிட்டு வந்த எண் பார்க்கும் புரோகிராமை ஓட்டுங்கள். இப்போது பிரஸ்ஸில் இருப்பதற்கு என்ன எண் காட்டுகிறது என்று எழுதுங்கள். வேறு எண் வந்தால் அது என்னுடையது இல்லை. அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

அதியா


மத்திகிரி
23.11.1994

அதியாவுக்கு,

பார்த்தேன். எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

7316.

மறுபடி ஓட்டினேன். 7316. சுவரில் இருக்கிற உன் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுப் பார்த்தேன். உன் அட்டை, உன் கையெழுத்து, உன் எண்.

இனி என்ன சொல்லப் போகிறாய்? பெயரை நம்பாதே, எண்ணை நம்பு என்றாய். நம்பினேன். இரவெல்லாம் தூங்காமல், நம் அதியா செய்திருக்க மாட்டாள், அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமே என்று அழுதவள் நான். உன்னைத் தங்கச்சி மாதிரி வைத்திருந்தேன். கேன்டீனில் உன்னைப் பற்றி எவளாவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போனேன். செல்லி இன்னும் உன்னைத்தான் கேட்கிறாள், "அதியா வரலியா" என்று. நான் என்ன பதில் சொல்லட்டும், சொல்.

இனிமேல் எழுதாதே.

முனிலட்சுமி


பெங்களூர்
26.11.1994

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், ஆனால் படியுங்கள்.

அந்த எண்ணை உங்கள் கடிதத்தில் மூன்று முறை படித்தேன். தூக்கத்தில் எழுதினேனா என்றுகூட நினைத்தேன். பிறகுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. எண் பார்க்கும் புரோகிராமும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அக்டோபர் பிளாப்பி பிரஸ் புரோகிராமை மாற்றியபோது இதையும் மாற்றியிருந்தால்? எதைக் கேட்டாலும் 7316 என்று சொல்லும்படி செய்திருந்தால்? அந்த எண்தான் சுவரிலேயே ஒட்டியிருக்கிறதே, யாரும் படிக்கலாம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த ஓணானிடம்தான் உங்களை அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தையை மட்டும் தட்டிச் சேமித்து, அதற்கு எண் கேளுங்கள். எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி. உண்மையான புரோகிராமாக இருந்தால் அதற்கு 7316 வரவே வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையை விட்ட அன்று அண்ணாதுரை சார் அனுபவச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ எழுதுன புரோகிராமோட மூலத்த எல்லாம் ஒரு பிளாப்பியில போட்டுக் குடுத்துட்டு வாங்கிக்க" என்றார். பெங்களூர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். கொடுத்துவிட்டேன். அது கையில் இருந்தால் யாரையாவது வைத்து எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், என் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம்.

அதியா


மத்திகிரி
1.12.1994

அதியா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஜூஜுவாடிக்கு நடந்துபோய் கௌஸ் பாயிடம் கொடுக்கிறேன். நீயும் இனி அவர் மூலமாகவே அனுப்பு. உன் போன கடிதம் பிரித்து ஒட்டின மாதிரி வந்தது. நீ எச்சில் தொட்டு ஒட்டுகிறவள். இதில் மைதாப் பசை காய்ந்து உதிர்ந்தது.

உன் வார்த்தைப்படி செய்தேன். செல்லி என்று தட்டினேன். 7316. வெறும் தாளாக, ஒன்றுமே தட்டாமல் கேட்டேன். 7316. அன்று கேன்டீனில் போட்ட சாப்பாட்டுப் பட்டியலைத் தட்டினேன். அதற்கும் அதே எண். ஐந்து மாதமாக அந்தத் திரையைத் தினமும் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஷிப்ட் தொடங்குவேன்.

என்னை மன்னித்துவிடு என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். அதற்கு முன்னால் மிச்சத்தையும் படி, பிறகு நீயே முடிவு செய்.

அதற்குப் பிறகு, நேற்று முன்தினம் அண்ணாதுரை சார் கூப்பிட்டார். நீ சொன்ன அந்தப் பேசாத ஆளும் உட்கார்ந்திருந்தான். "அட்டை வரதுக்கு முன்னாடி ஏத்துனது உன் கைதானே முனிலட்சுமி? கேஸுன்னு வந்தா ஒண்ணு அவ பேரு, இல்ல உன் பேரு. உன் தம்பி எட்டு வருசமா டெம்பரரி. ஜனவரியில பர்மனென்ட் பண்ணலாம்னு இருக்கேன்" என்றார். காகிதத்தை நகர்த்தினார். அதில் என்னோடு சேர்த்து நாலு பேர் கையெழுத்து. அக்டோபர் புரோகிராம் அதியா கொடுத்தது, அவளே போனில் சொல்லி ஏற்ற வைத்தாள் என்று எழுதியிருந்தது.

போட்டுவிட்டேன் அதியா. உண்மை தெரிந்த பிறகுதான் போட்டேன். தெரியாமல் சொன்னது வேறு, இது வேறு. செல்லி முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆஞ்சப்பன் சந்தோஷமாக இருக்கிறான், அதைப் பார்க்க அதைவிட முடியவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று. செல்லியின் பிரஸ்ஸில் மட்டும் இருந்ததை நேற்று ஆறு பிரஸ்ஸிலும் ஏற்றச் சொன்னார்கள். எண் பார்த்தாயா என்று கேட்டார் சார். பார்த்தேன், 7316 என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். காளியம்மாள் உட்கார்ந்திருக்கிற மூன்றாம் பிரஸ்ஸில் இன்று காலையிலேயே பட்டனில் அட்டைத் துண்டு செருகியிருந்தது. பிடுங்கிப் போட்டேன். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி செருகியிருந்தாள். "பீஸு கொறஞ்சா நீயாக்கா பதில் சொல்லுவ?" என்கிறாள்.

குங்குமக் கறையோடு இருந்த அந்தப் பிளாப்பியை எடுத்து வந்துவிட்டேன். ராகி மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

முனிலட்சுமி


பெங்களூர்
5.12.1994

அக்கா,

கௌஸ் மாமு நேரில் வந்து கொடுத்தார். அவர் எதிரிலேயே படித்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். அவர் டீ குடித்து முடித்த பிறகுதான் மறுபடி எடுத்தேன். மன்னித்தேன் என்று எழுத இன்னும் முடியவில்லை. வெறுக்கவும் முடியவில்லை.

நாலு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தப் புரோகிராம் என்னுடையது இல்லை என்று நிரூபிக்க என்ன வேண்டும்? அந்தப் பிளாப்பி வேண்டும், தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கோர்ட்டு அதை நம்ப வேண்டும். ஒரு வருஷம் ஆகும், இரண்டு வருஷமும் ஆகலாம். அதுவரை ஆறு பிரஸ்ஸும் மூன்று ஷிப்டும் ஓடும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் காளியம்மாளின் கை அதற்குள் போய் வரும்.

என்னுடையது என்று சொல்ல ஒரே நாள் போதும்.

இன்று காலை தொழிற்சாலை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். ஆறு பிரஸ்ஸிலும் ஓடும் புரோகிராமை எழுதியவள் நான். அதில் தவறு இருக்கிறது. இடது பட்டனை அது பார்ப்பதே இல்லை. ஒரு தொழிலாளியின் விரல்கள் போனது இதனால்தான். ஆறையும் உடனே நிறுத்தி சீல் வைக்க வேண்டும், பழைய புரோகிராமை ஏற்றும் வரை யாரும் உட்காரக் கூடாது. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னுடையது இல்லை என்று நான் சொன்னால் அவர் விசாரிப்பார், வருவார், போவார். செய்தவளே தவறு என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்தாமல் இருக்க அவரால் முடியாது. அண்ணாதுரை சாராலும் மறுக்க முடியாது. அது என்னுடையது என்று நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர் அவர்தானே.

என் வேலை போகும். போலீஸும் வரலாம். வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஓசூரில் துணிக்கடை வைத்துக்கொண்டு நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டியவர். அவரை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் தம்பிக்கு வேலை நிரந்தரமாகட்டும். செல்லிக்கு மருந்து வாங்க அந்த வீட்டில் ஒரு சம்பளமாவது வேண்டும். நீங்கள் வாயைத் திறந்தால் அதுவும் போகும், என் கடிதமும் கெடும். அது என்னுடையது இல்லை என்று தெரிந்தால் சீலை உடைக்க அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். பழையது ஏறும் வரையாவது சும்மா இருங்கள்.

அதியா


மத்திகிரி
13.12.1994

அதியா,

சனிக்கிழமை சீல் வைத்துவிட்டார்கள். ஆறுக்கும். ஆய்வாளர் தானே ஒரு பட்டனில் பென்சிலைச் செருகிவிட்டு இன்னொன்றை அமுக்கிப் பார்த்தார். பிரஸ் இறங்கியது. பட்டறையில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காளியம்மாள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நேற்று அவர் வேறு ஊரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து, பிரஸ்ஸுக்கு அனுமதி வாங்கும்போது கம்பெனி கொடுத்து, அரசாங்கக் கோப்பில் இருந்த உன் பழைய பிரதியையே ஏற்ற வைத்தார். பென்சில் செருகினால் நிற்கிறது. நானே பார்த்தேன். நீ சொன்ன வரைக்கும் சும்மா இருந்தேன். நேற்றோடு அது முடிந்தது.

இன்று காலை எட்டு மணிக்கு போலீஸ் ஜீப் ஒன்று பெங்களூருக்குக் கிளம்பியிருக்கிறது. அந்தப் பேசாத ஆள் அதில் முன்னால் உட்கார்ந்து போனான் என்று கேட்டிலிருந்த முனிசாமி சொன்னான். உன் ஆபீசுக்கு போன் போட்டேன். எடுத்தவர் நீ சீட்டில் இல்லை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கௌஸ் பாய் அடுத்த பஸ்ஸில் இதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். எப்படிப் போனாலும் ஜீப் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது அதியா.

ஆஞ்சப்பனிடம் சொல்லிவிட்டேன். எழுந்து சட்டையை மாட்டினான். பிறகு, "அந்த வேலை எனக்கு வாணாக்கா" என்றான். பத்து மணிக்கு நானும் அவனும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம், பிளாப்பியோடு. போகிற வழியில் என்ன ஆகுமோ தெரியாது. அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பிரிப்பது அதியாவாக இல்லாமல் போகலாம். பிரித்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து இனி வருவதைப் படிக்க வேண்டும்.

அக்டோபர் புரோகிராம் அதியா எழுதியது இல்லை. பெண்களின் கையைக் காப்பாற்றத்தான் அவள் அதைத் தன்னுடையது என்று சொன்னாள். அதை என் கையில் கொடுத்தவர் அண்ணாதுரை. எண் பார்க்காமல் விஜயதசமி அன்று காலை ஏற்றியவள் நான். ஆறு பிரஸ்ஸிலும் ஏற்றியவளும் நான்தான், அப்போது எனக்கு உண்மை தெரியும். முன்னால் நான் போட்ட கையெழுத்து, என் தம்பி வேலைக்காகப் போட்ட பொய்.

என் பெயர் முனிலட்சுமி. மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் நான்காவது வீடு. கீழே செல்லியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குப் போனது இடது கை, எழுதுவது வலது கை. எங்கள் பெயரைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம். நேரில் வந்து, எங்கள் இரண்டு பேரையும் உங்கள் எதிரில் மறுபடி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

முனிலட்சுமி
ஆ. செல்லி